ரப்பர் மூக்கு

ஓடையின் நடுவில் ஜீப் நின்ற அன்று நான் அதில் இல்லை. என் அக்கா இருந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்தபோது நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தாள். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற மச்சானின் பழைய சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கையில் தூக்குவாளி இல்லை. அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா துவட்டிக்கொள்ளாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நடு ஓடையில வண்டி செத்துப்போச்சுடா," என்றாள் என்னைப் பார்த்து. "தூக்குவாளி போச்சு. அது போறது மட்டும் தெரிஞ்சுச்சு. அடுத்தாப்புல யாரு போவாகளோன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

ஜீப் மச்சானுடையது. பட்டாளத்தில் ஓடிக் கழித்துவிட்ட வண்டி, ஏலத்தில் எடுத்தது. எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். தினமும் விடியற்காலையில் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக மலையேறி, அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்க விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவார். மெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கல்லும் சேறும். தோட்டத்துக்கு முன்னால் ஒரு ஓடை, பாலம் கிடையாது. கோடையில் டயர்தான் நனையும். ஆடிச் சாரலில் பம்பர் வரைக்கும் வரும்.

மச்சான் கவனக்குறைவானவர் இல்லை. ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, காற்றாடி தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டுவார். முதல் கியரில் போட்டு, மிதித்த காலை எடுக்காமல் அக்கரை ஏறுவார். அன்றைக்கும் எல்லாம் செய்திருக்கிறார். ஆனாலும் நடுவில் இன்ஜின் பட்டென்று அணைந்துவிட்டது. அவர் குதித்து நீந்தாத குறையாகக் கரைக்குப் போய், கயிற்றை மரத்தில் கட்டி இழுத்துப் பிடிக்க, பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார்கள். பிறகு தோட்டத்து டிராக்டர் வந்து வண்டியை இழுத்துப் போட்டது. கொஞ்சம் காய்ந்த பிறகுதான் இன்ஜின் மறுபடி பிடித்தது.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல," என்று மச்சான் அன்றைக்கு வருகிற போகிற எல்லாரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் வண்டி ஊர் மந்தையில் போய் நின்றது. பெண்கள் வந்தார்கள். ஏறவில்லை. அவர்களை வேலைக்குச் சேர்த்துக் கூட்டிப் போகிற அம்மாளை ஊரில் எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற கொங்காணிச் சாக்கை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வேலைக்கு வரமாட்டோம்னு சொல்லல," என்றார் மச்சானிடம். "இந்த வண்டியில வரமாட்டோம்னு சொல்றோம். அது ஓடையில நிக்காதுன்னு ஒரு மனுசன் சொல்லட்டும், ஏறுறோம்."

"நான் சொல்றேன்."

"நீதான போன வாரமும் சொன்ன."

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்காக அவள் எழுந்து ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

மச்சான் வெறும் வண்டியோடு மலையேறி, ஓடைக்கு இந்தப் பக்கமே அதை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கடந்து தோட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே இருந்த மலையாளி சூப்பர்வைசர் கோபப்படவில்லையாம். "திங்களாழ்ச்ச ஆள் வரணும். இல்லெங்கில் வேற வண்டி," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் மச்சான் என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்த ஆடி அது. வீட்டில் ரேடியோ கரகரத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"மாப்ளே, நீ கரண்டு படிச்சவன்ல," என்றார். "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல, நான் பாத்துட்டேன். கரண்டுதான் போகுது. என்னன்னு பாரு."

பார்த்தேன். திங்கட்கிழமை அந்த வண்டியில் என் அக்கா உட்காரப் போகிறாள். உட்காராவிட்டால் மச்சானுக்கு வண்டி ஓட்டம் இல்லை. உட்கார்ந்து அது மறுபடி நின்றால், தூக்குவாளி போன வழியில் எது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் நான் கையில் குறடோடு நிற்கிறேன்.

கோளாறு தேட வேண்டியிருக்கவில்லை. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் வயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள்: சீட்டுக்கு அடியில், கால் வைக்கிற தகட்டுக்குக் கீழே, பொறி உண்டாக்குகிற காயிலுக்குப் பக்கத்தில். மூன்றுமே முறுக்கி டேப் சுற்றியவை. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கச் சுற்றிய டேப், போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. அது ஆறு வோல்ட் வண்டி. வழியில் கொஞ்சம் கரண்ட் குறைந்தாலும் பொறி விழாது.

புதிதாக ஒட்டிப் போட்டுவிடலாம்தான். ஆனால் அதை எப்படி நம்புவது? அன்று மீதிப் பகல் முழுக்க வாசலில் வாளி வைத்து உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் கண்டக்டர்கள் வைத்திருக்கும் காப்பியிங் பென்சில் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அதைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறம். ஈரம் பட்டால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். தேய்த்த தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு ஒட்டுக்குள்ளும் ஒன்றை வைத்துச் சுற்றித் தண்ணீரில் முக்கினேன். டேப் மட்டும் சுற்றியது: கத்தரிப்பூ. சைக்கிள் டியூப் சுற்றியது: கத்தரிப்பூ. மெழுகு ஊற்றியது நனையவில்லை. ஆனால் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், மெழுகு உருகித் தரையில் சொட்டியது.

அக்கா வாசல் தெளிக்க வந்து நின்று பார்த்தாள்.

"ஏலே, வாளிக்குள்ள வயரை விட்டு என்ன பிடிக்கிற, மீனையா?"

"ஒனக்காகத்தான் பிடிக்கிறேன்."

அவள் தெளிக்கிற தண்ணீரை என் தாள்களின்மேல் படாமல் தள்ளித் தெளித்தாள்.

ஊரில் கிணற்று மோட்டார் இறக்குகிறவரைப் போய்க் கேட்டேன். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டாருக்கு அவர் போடுகிற ஒட்டு வருடக்கணக்கில் நனையாது. "போட்டுருவேன் தம்பி, ஆனா பிரிக்கணும்னா அத்துத்தான் எடுக்கணும்," என்றார். மச்சான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரியை எடுக்கச் சீட்டைத் தூக்க வேண்டும், கியர்பாக்ஸைப் பார்க்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். மலையில் ஒரு கோளாறு என்றால் வயரை அறுத்துக்கொண்டு நிற்க முடியாது. ஆக, எனக்கு வேண்டியது பிரிக்கவும் வர வேண்டும், தண்ணீரும் போகக் கூடாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தகட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவியபோது ஒரு பழைய பித்தளைக் கிளிப் தட்டுப்பட்டது. அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் வயரின் துண்டு மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய வயர்.

"மச்சான், இதுல என்ன இருந்துச்சு?"

"அதுவா, பட்டாளத்து வயரு. வாங்குன அன்னைக்கே அத்துப் போட்டோம். ரப்பர்ல மூக்கு மூக்கா இருக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கும். பிரிக்கிறதுக்குள்ள கை வலிச்சுப்போச்சு."

நான் தரையில் படுத்தபடியே அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீரில் இறங்கி ஏறுவதற்கென்றே செய்த வண்டி. அதற்கான வயரை நாம்தான் பிடுங்கியிருக்கிறோம்.

நாம் என்றால், மச்சான் மட்டும் இல்லை. ஏலத்தில் பட்டாளத்து ஜீப் எடுத்த யாரும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். எந்தச் சண்டையில் என்ன பார்த்த வண்டியோ, யார் ரத்தம் பட்டதோ என்று ஒரு பயம். பச்சைப் பெயின்டைச் சுரண்டுவார்கள், பழைய வயரை எல்லாம் பிடுங்குவார்கள், அந்த வயர்க் குவியலை வண்டியைச் சுற்றி மூன்று தடவை சுற்றி எறிவார்கள். அதற்கப்புறம்தான் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். டேப் இருந்தது, பேக்லைட் கனெக்டர் இருந்தது, ஸ்கூட்டருக்கான ரப்பர் தொப்பி இருந்தது. நான் கேட்டது இல்லை.

"தண்ணி போகாத சாமானா?" என்றார் ஒரு கடைக்காரர். "அப்படி ஒண்ணு இருந்தா மொதல்ல என் கடைக் கூரைக்குல்ல வாங்கி மாட்டியிருப்பேன்." மேலே பார்த்தேன். உண்மைதான், ஒழுகுகிற இடத்தில் டப்பா வைத்திருந்தார். மதுரைக்கு எழுதிப் போட்டால் வரலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். "ஆவணியில," என்றார்.

பழனிசெட்டிபட்டியில்தான் மச்சான் வண்டிக்கு வயர் மாற்றிய பட்டறை இருந்தது. அங்கே நடந்தே போனேன். பட்டறைக்காரர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். நான் சொன்னதை அங்கிருந்தபடியே கேட்டார். அவருடைய கால்கள்தான் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

"நல்ல வயரிங் போட்டுக் குடுத்தேன்ல, அதுக்கென்ன?"

"ஓடையில நின்னுபோச்சுண்ணே."

"ஓடையில விட்டா நிக்கத்தான் செய்யும். படகையா வித்தேன்?" கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "அந்த ரப்பர் மூக்கெல்லாம் பின்னாடி தார் பீப்பாயில கெடக்கும். செம்பை எடுத்துக்கிட்டு மூக்கை வீசிருவோம். வேணும்னா பொறுக்கிக்க."

பீப்பாய் நிறைய இருந்தது. மழைத் தண்ணீரும் பழைய கிரீஸும் கலந்த சேற்றுக்குள் முழங்கை வரை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். எந்தெந்த ஜீப்பின் மூக்குகளோ. ஒரு பாதியில் பித்தளைக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், மறு பாதியில் அதற்கான ஓட்டை. சேர்த்து அழுத்தினால் ரப்பர் உதடு ரப்பர் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். ஆனால் பாதிக்குப் பாதி பொருந்தவில்லை. குச்சி தடிப்பாக இருந்தது, ஓட்டை சின்னதாக இருந்தது, உதடு கிழிந்திருந்தது. எல்லாவற்றையுமே செம்புக்காகக் கழுத்தோடு அறுத்திருந்தார்கள். மத்தியானம் தாண்டி, பொருந்துகிற ஜோடியாக இரண்டுதான் கிடைத்தன. எனக்கு மூன்று வேண்டும். துணையில்லாத குச்சிப் பாதிகள் மட்டும் நல்ல நிலையில் கை நிறைய இருந்தன.

அவற்றுக்கான மறு பாதிகள் எங்கே போயின என்று நிமிர்ந்தபோது தெரிந்தது. பட்டறையை ஒட்டி ஒரு தையல் கடை. தையல் மிஷினின் நான்கு காலுக்கும் கீழே நான்கு ரப்பர் மூக்குகள், ஓட்டைப் பாதிகள்.

தையல்காரரிடம் ஒன்றைக் கேட்டேன். அவர் காலை மிதியிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார்.

"அது இல்லேன்னா மிஷின் ஆடும்ப்பா. தையல் கோணிப்போகும். கோணச் சட்டையப் போட்டுக்கிட்டு எவன் வருவான்?"

கெஞ்சிப் பார்த்தேன். பஸ் போய்விடும் போலிருந்தது. இரண்டு ஜோடியோடு, துணையில்லாத பாதிகளையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மூன்றாவதற்கு வழி பஸ்ஸில்தான் தோன்றியது. காயிலுக்குப் பக்கத்தில் எதற்கு ஒட்டு? வயர் நீளம் பத்தாமல் ஒட்டியது அது. ஒரே வயராக இழுத்துவிட்டால் அங்கே தண்ணீருக்கு வேலை இல்லை. வீரபாண்டி தாண்டுவதற்குள் மனதுக்குள் வயரை இழுத்து முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்குகளைக் கழுவி வாசலில் பரப்பியபோது மச்சான் வந்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது அதுதான?"

"அதேதான் மச்சான்."

"சுத்திப் போட்டதைத் திரும்பக் கொண்டாந்திருக்க."

"இது நம்ம வண்டில சுத்திப் போட்டது இல்ல. யாரு வண்டியோடதோ."

"அது இன்னும் மோசம்லடா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வேண்டாம் மாப்ளே, வேற ஏதாவது பண்ணு என்றார். வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அவர் பக்கம்தான். கழித்த பொருளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அதிலும் ஆடி மாசம் என்றாள். நான் கரண்டைப் பற்றி விளக்கினேன். பச்சைப் பூத்த செம்பைக் காட்டினேன். நான் பேசப் பேச அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அரிசி புடைக்கிற சுளகு.

"ஓடைக்குள்ள நின்னது நானு," என்றாள். "அப்ப எந்தக் கழிச்ச சாமானும் வண்டியில இல்ல. எல்லாத்தையும் சுத்தமாத் தூக்கிப் போட்டுட்டுத்தான ஓட்டுனீக. தண்ணி இங்கன வரைக்கும் வந்துச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அவன் மாட்டட்டும்."

மச்சான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பானெட்டின்மேல் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

கழுத்தோடு அறுத்த மூக்குகள். ரப்பரை மெதுவாகப் பின்னுக்கு உருட்டி, உள்ளே இருக்கிற பித்தளையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, புது வயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். அவசரப்பட்டால் ரப்பர் பொசுங்கிவிடும். முதல் ஜோடியில் ஒன்று கொஞ்சம் பொசுங்கியது. நல்லவேளை, உதட்டில் இல்லை. ரப்பரைத் திரும்ப இழுத்து விட்டு, கழுத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். காயில் பக்கம் ஒட்டில்லாமல் ஒரே வயராக இழுத்தேன். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் காப்பியிங் பென்சில் தேய்த்த தாளை ஒரு நகக்கண் அளவுக்குக் கிழித்து வைத்தேன். வாளியில் முக்கிப் பார்த்தபோது நனையவில்லை. வாளி அசையாது. ஓடை அசையும். அதுதான் எனக்குப் பயம்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் மந்தைக்குப் போனோம். பெண்கள் நின்றிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மச்சான் இன்ஜினை ஓடவிட்டார்.

"நிக்காதுன்னு சொல்றது யாரு?" என்றார் பெரியம்மா.

மச்சான் என்னைப் பார்த்தார். "பெரியம்மா, நானும் வாரேன்," என்றேன்.

"நீ வந்தா தண்ணி வத்திருமா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. "நீ போட்டதைத் தெறந்து காட்டு."

சீட்டைத் தூக்கி, கால் வைக்கிற தகட்டைக் கழற்றினேன். அவர் தெருக்குழாயடிக்குப் போய், ஒரு குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள், "எங்கன போட்டிருக்க?" என்றார். காட்டினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியில், நான் காட்டிய இடத்தைப் பார்த்து, குடத்தைச் சாய்த்து முழுக்க ஊற்றினார். சூடான இரும்பிலிருந்து ஆவி கிளம்பி என் முகத்தில் அடித்தது. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடியது. இன்னொரு குடம். ஓடியது.

நான் தகட்டை முடுக்கியதும் பெரியம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் ஏறினார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மற்றவர்கள் ஏறினார்கள். அக்கா கடைசியில் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

வண்டி நின்ற நாளைவிட ஓடையில் தண்ணீர் கூடுதலாக ஓடியது. நடுவில் ஆழத்துக்கு அடையாளம் வைத்திருந்த பாறையின் தலை மட்டும்தான் தெரிந்தது. மச்சான் பெல்ட்டைக் கழற்றினார், சாக்கைக் கட்டினார், தண்ணீரைப் பார்த்தார்.

"இறங்கி நடக்கவும் முடியாது," என்றார் பெரியம்மா பின்னாலிருந்து. "போ."

தண்ணீர் பம்பரைத் தொட்டது. தகட்டின் இடுக்கு வழியாக என் பாதத்தில் ஏறியது. என் காலுக்குக் கீழேதான் இரண்டாவது மூக்கு. நடுவில், பாறைக்குப் பக்கத்தில், இன்ஜின் ஒரு தடவை இருமியது. இரண்டாம் தடவை இருமியது. அக்காவின் கை என் சட்டைக் காலரைப் பிடித்து இறுக்கியது, கழுத்து நெரியும்படி. எனக்குள்ளே இருந்த தாள் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது போலிருந்தது.

மச்சான் காலை எடுக்கவில்லை. இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி, பழையபடி முழக்கம் பிடித்தது. முன்சக்கரம் கல்லில் ஏறியது. கரை ஏறி வண்டி நின்றபோதும் அக்கா காலரை விடவில்லை.

"விடுக்கா, மூச்சு முட்டுது."

"முட்டட்டும்," என்றாள்.

நான் இறங்கித் தகட்டைக் கழற்றி, இரண்டாவது மூக்கைப் பிரித்தேன். வெளியே சேறு வழிந்தது. உள்ளே தாள் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. விரலால் தொட்டேன், உலர்ந்திருந்தது. மச்சானிடம் காட்டினேன். அவருக்கு அந்தத் தாளின் விஷயம் தெரியாது. ஆனாலும் வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். இன்ஜின் ஏன் இருமியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் நாங்கள் தாண்டி வந்த கரையில் இன்னொரு ஜீப் வந்து நின்றிருந்தது. நாங்கள் போகாவிட்டால் ஓட்டம் எடுக்கக் காத்திருந்த வண்டி. அதுவும் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டிதான். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இறங்காமல் நின்றார்.

பெரியம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவுகளும் நம்ம பக்கத்து ஊருப் பொம்பளைகதான்," என்றார். "அந்த வண்டிக்கும் இதைப் போட்டுக் குடு."

"ரெண்டு ஜோடிதான் பெரியம்மா கெடச்சுச்சு."

"கெடைக்கிற வரைக்கும் அவுக எதுல வருவாக?"

மச்சான் அந்த டிரைவரைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டி, இறங்காதே என்று சைகை காட்டினார். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. அந்தப் பெண்களுக்கு அன்று வேலை இல்லாமல் போனது.

மறுநாள் பழைய லாரி டயரில் மிஷின் காலுக்கு வைக்க ஒரே கனத்தில் நான்கு துண்டு வெட்டி, பையில் துணையில்லாத குச்சிப் பாதிகளோடு போட்டுக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் இறங்கினேன். தையல்காரர் என்னைப் பார்த்ததுமே மிஷினின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஆடும்னு சொன்னேன்லப்பா."

"ஆடாதுண்ணே. ஆடுச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் நானே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, குனிந்து மிஷினின் ஒரு காலைத் தூக்கினேன்.